வீட்டிலிருந்து வேலை: எந்தத் தாய்க்கு?

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு தொடங்கியதும், பெருங்குடி முதல் சிறுசேரி வரையிலான தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் தம் ஊழியர்களை வீட்டிலிருந்து பணியாற்றச் செய்தன. குழந்தைகளை வளர்ப்போருக்கு வேலை நேரத்தைத் தளர்த்திய நிறுவனங்களும் உண்டு. அது வரவேற்கத்தக்கதே. ஆனால் அதே நாட்களில் தாம்பரம், பல்லாவரம் தெருக்களைக் கூட்டிய தாய்மாரின் குழந்தைகளை யார் பார்த்துக்கொண்டனர் என்ற கேள்வி அரிதாகவே எழுந்தது. அங்கன்வாடிகள் மூடிக்கிடந்தன. 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன.

இந்த வேறுபாடு சட்டத்திற்குள்ளேயே இருக்கிறது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் 26 வார விடுப்புடன் இரண்டு ஏற்பாடுகளைச் சேர்த்தது. பணியின் தன்மை இடமளித்தால், விடுப்புக்குப் பின் வீட்டிலிருந்து பணியாற்றலாம். 50 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும்.

'பணியின் தன்மை' என்பது இந்நாட்டில் நடுநிலையான சொல்லன்று. மடிக்கணினி யார் கையில், துடைப்பம் யார் கையில் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது சாதி. சாதியைத் தொழிலாளரையே கூறுபோடும் ஏற்பாடாக அண்ணல் அம்பேத்கர் கண்டது இதனால்தான். தூய்மைப் பணியாளர் ஒப்பந்த முறையில் அமர்த்தப்படும்போது, பொறுப்பு உள்ளாட்சிக்கா ஒப்பந்ததாரருக்கா என்ற இழுபறியிலேயே உரிமை கரைந்துவிடுகிறது.

'50' என்ற எண்ணும் அப்படியே. நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட தலித் குடும்பங்கள் பெருமளவில் வாழும் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கத்திலிருந்து பெண்கள் அடுக்ககங்களுக்கு வீட்டு வேலைக்குச் செல்கின்றனர். அடுக்ககக் கதவுகள் மூடியபோது பலருக்குக் கூலி நின்றது. மீண்டும் திறந்தபோது, வீட்டிலிருந்து பணியாற்றிய தாயின் சுமையை ஏற்க இன்னொரு தாய் தன் பிள்ளைகளை விட்டுவிட்டுச் சென்றாள். அவளுக்கு வேலையளிப்பது 50 பேர் கொண்ட நிறுவனமன்று, ஒரு குடும்பம். பெருந்தொற்றின் நடுவே, 2020 செப்டம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அதே எண்ணையே தக்கவைத்தது.

வீட்டுக்குள் தொழிலாளர் சட்டம் நுழைய இயலாது என்ற வாதம் நிற்காது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டையும் பணியிடமாக ஏற்றுள்ளது. பல முதலாளிகளிடம் மாறிமாறி உழைப்போருக்கான முன்மாதிரியும் உண்டு. 1996ஆம் ஆண்டில் கட்டுமானத் தொழிலாளர் நலனுக்கெனத் தனி நலவரிச் சட்டம் இயற்றப்பட்டது. கட்டுமானச் செலவில் 1 விழுக்காட்டை வேலையளிப்பவர் செலுத்துகிறார், நல வாரியம் செலவிடுகிறது. அதேபோல நிறுவனங்களும் அடுக்ககச் சங்கங்களும் ஒப்பந்ததாரர்களும் செலுத்தும் நிதியில், தொழிலாளர் வாழும் இடத்திலேயே, அதிகாலைப் பணிக்கு முன் திறக்கும் காப்பகங்களைக் கோர வேண்டும்.

முதல் அடியை மாணவர்களே எடுத்துவைக்கலாம். தூய்மைப் பணியாளரின் குழந்தைகளுக்கு எத்தனை காப்பகங்கள் இயங்குகின்றன என்று தாம்பரம் மாநகராட்சியிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேளுங்கள். எழுத்தில் வரும் பதில், எதுவாயினும், வழக்குக்கும் போராட்டத்திற்கும் அடித்தளமாகும்.