வடிகட்டி மாற்றியபின் முனகும் பம்பி

பாலாவிச் சந்தியிலிருந்து நுரைச்சோலை வழியாகக் கற்பிட்டி செல்லும் வீதியில் டீசல் லொறிகளும் வான்களும் ஓயாது ஓடுகின்றன. நுரைச்சோலைத் தோட்டங்களின் மரக்கறியும், கற்பிட்டி, உடப்புக் கரைகளின் மீனும், புத்தளத்து உப்பும் சந்தையைச் சேர்வது இவ்வண்டிகளினாலேயாம். உப்பு ஒருநாள் பொறுத்திருக்கும், மீன் பொறுக்காது. வண்டி வழியில் நின்றுவிட்டால் ஒரு குடும்பத்தின் உழைப்பு வெயிலில் அழுகிப் போகும்.

இத்தகைய வண்டிக்குப் புதிய டீசல் வடிகட்டி பூட்டியதும், அதுவரை அமைதியாயிருந்த எரிபொருட் பம்பி முனகத் தொடங்குவதுண்டு. உடனே, “பம்பி பழுது, புதிது வாங்குங்கள்” என்று ஆலோசனை கூறுவோர் பலர். அவசரப்பட வேண்டாம். வடிகட்டி மாற்றிய கையோடு எழும் ஓசைக்குப் பெரும்பாலும் குழாயினுள் புகுந்த காற்றே காரணம்.

பழைய வடிகட்டியைக் கழற்றும்போது அதிலுள்ள டீசல் வெளியேற, அவ்விடத்தைக் காற்று பிடித்துக்கொள்கிறது. டீசல் அமுக்கத்துக்கு எளிதில் சுருங்காது. காற்றோ சுருங்கி விரியும். ஆகவே, காற்றுக் குமிழி உட்புகுந்ததும் பம்பி சீராகத் தள்ள இயலாது திணறுகிறது. அத்திணறலே நம் காதுக்கு ஓசையாகிறது. ருடோல்ப் டீசல் 1897இல் ஜெர்மனியின் அவுக்ஸ்புர்க் நகரில் இயக்கிக் காட்டிய எந்திரத்தில், எரிபொருளை உள்ளே ஊதிச் செலுத்தியது அமுக்கிய காற்றுத்தான். 1927இல் பொஷ் நிறுவனம் எரிபொருளை நேரே செலுத்தும் பம்பிகளைப் பெருமளவில் ஆக்கத் தொடங்கியது. அன்று ஏவலாளாயிருந்த காற்று, இத்தகைய பம்பிகளுக்குப் பகையாயிற்று. மேலும், பல பம்பிகளின் உட்பாகங்களுக்கு வழுவழுப்பைத் தருவதும் டீசலே. அது வற்றிய நிலையில் வண்டியை ஓட்டினால் நல்ல பம்பியும் தேய்ந்து கெடும். ஓசையை அலட்சியம் செய்யலாகாது என்பது இதனாலேயே.

முதலிற் செய்யவேண்டியது காற்றை வெளியேற்றுதல். ஜப்பானிய வான்கள், சிறு லொறிகள் பலவற்றில் வடிகட்டியின் தலையிலேயே கையால் அமுக்கும் குமிழ் உண்டு. காற்றுத் திருகாணியைச் சற்றே தளர்த்தி, குமிழி கலவாத டீசல் வரும்வரை அமுக்கிப் பின் இறுக்குக. குமிழ் கைக்குக் கடினமாகும்வரை மீண்டும் அமுக்குக. தாங்கிக்குள் மின்பம்பி உள்ள வண்டியாயின், எந்திரத்தை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பிச் சில விநாடி வைத்து நிறுத்துக. இவ்வாறு பலமுறை செய்க. பின்னர் எந்திரத்தை இயக்கினால் சில நிமிடங்களில் ஓசை தணியவேண்டும்.

தணியாவிட்டால், காற்று எங்கிருந்தோ தொடர்ந்து புகுகிறது என்பது பொருள். இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். “ஒரு சொட்டும் ஒழுகவில்லையே; கசிவு எப்படி இருக்கும்?” என்கின்றனர். இளநீரை உறிஞ்சும் குழலின் மேற்பகுதியில் சிறு துளை இருந்தால் இளநீர் வெளியே சிந்துவதில்லை. வெளிக்காற்றே உள்ளே நுழைகிறது. தாங்கியிலிருந்து பம்பி உறிஞ்சும் குழாயிலும் இதுவே நிகழ்கிறது. வளியமுக்கம் வெளியிலிருந்து காற்றை உள்ளே தள்ளுகிறது. துளையோ உலர்ந்தே காணப்படுகிறது. மாணவர்கள் பாடப்புத்தகத்திற் படிக்கும் வளியமுக்கம் இதுவேயாம்.

ஆகவே, பழைய ரப்பர் வளையம் வடிகட்டியின் இருக்கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, புதிய வளையம் மடிந்துள்ளதா, அடியிலுள்ள நீர் வடிக்கும் திருகு இறுகியுள்ளதா, குழாய்க் கிளிப்புகள் தளர்ந்துள்ளனவா என ஒவ்வொன்றாகப் பார்க்க. உப்புக் காற்று வீசும் கரையோரத்தில் இரும்புக் குழாய்கள் துருவேறித் துளைபடுவதும் உண்டு. வடிகட்டிக்கும் பம்பிக்கும் இடையே தெளிந்த பிளாஸ்டிக் குழாயொன்றைத் தற்காலிகமாகப் பொருத்தினால் குமிழிகள் கண்ணுக்கே தெரியும்.

குமிழியும் இல்லை, ஓசையும் ஓயவில்லை எனின், அடைப்பைத் தேடுக. மடங்கிய குழாய், தாங்கியின் அடியில் அழுக்கேறிய சல்லடை, வண்டிக்குப் பொருந்தாத வடிகட்டி ஆகியன பம்பியைத் திணறச் செய்யும். உறிஞ்சும் வகைப் பம்பியாயின், சுத்தமான கலனிலிருந்து அதற்கு நேரே டீசல் ஊட்டிப் பார்க்கலாம். ஓசை நின்றால் குற்றம் பம்பிக்கு முன்னுள்ள வழியில் இருக்கிறது. நில்லாவிடின் மட்டுமே பம்பியைச் சந்தேகிக்க இடமுண்டு.

இரண்டு எச்சரிக்கைகள்: புதிய ரக வண்டிகளில் அமுக்கம் வளியமுக்கத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேற்படும். எந்திரம் இயங்கும்போது அவ்வுயரமுக்கக் குழாய்களைத் தளர்த்தவே கூடாது. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்செல்லும். காயம் சிறிதாய்த் தோன்றினாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். இரண்டாவது, அவ்வண்டிகளின் புதிய வடிகட்டிக்குள் கலனிலுள்ள டீசலை ஊற்றி நிரப்பலாகாது. வடிகட்டப்படாத மண்துகள் நேரே பம்பியை அடைந்துவிடும்.

ரப்பர் வளையத்தின் விலையையும் பம்பியின் விலையையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர் எதை முதலிற் சோதிக்கவேண்டும் என்பதை எளிதில் உணர்வர். கராஜுக்கு வண்டியைக் கொண்டுசெல்பவரும், “காற்றை வெளியேற்றிப் பார்த்தீர்களா?” என்று கேட்டபின்பே புதிய பம்பிக்கு உடன்படுக.