ஒன்றரை மணி நேர விளையாட்டுக்கு இத்தனை விலையா?

ஆம்பூரில் தோல் வியாபாரம் செய்கிறவரிடம் போய், "ஐயா, சதுர அடி என்ன விலை?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே விலை சொல்ல மாட்டார். "என்ன தோல், என்ன ரகம்?" என்று திருப்பிக் கேட்பார். ஒரே தோலில் முதுகுப் பாகம் கெட்டியாக இருக்கும். வயிற்றுப் பாகம் தளர்ந்து இழுபடும். இரண்டையும் அளப்பது ஒரே சதுர அடிக் கணக்கில்தான். ஆனால் ரகம் பார்த்துத்தான் விலை படியும். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் இதை யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் வீடியோ கேம் வாங்கும்போது மட்டும் நம்மில் பலர் ரகத்தை மறந்துவிடுகிறோம். "எத்தனை மணி நேரம் ஓடும்?" என்பதுதான் முதல் கேள்வி. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று தெரிந்தால், "காசு தண்டம்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். இந்தத் தீர்ப்பு சரிதானா?

வெண்பாவின் கதை

2023-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி "வெண்பா" என்ற விளையாட்டு வெளிவந்தது. கனடாவில் டொரோண்டோ நகரத்தில், அபி என்ற தமிழர் முன்னின்று நடத்தும் "விசை கேம்ஸ்" என்ற சிறு நிறுவனம் இதைச் செய்தது.

கதை எளிமையானது. 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவில் குடியேறிய ஒரு தம்பதி. அவர்களுக்கு ஒரு மகன். தாய் வெண்பாவின் கையில் அவளுடைய அம்மா தந்த சமையல் குறிப்புப் புத்தகம். அதில் பல இடங்கள் கிழிந்தும் அழிந்தும் போயிருக்கின்றன. விடுபட்டதை ஊகித்து இட்லி, புட்டு, பிரியாணி எல்லாம் செய்ய வேண்டும். இட்லித் தட்டை அடுக்கும் முறை தெரியாமல் தடுமாற வேண்டும். இதற்கிடையே மகன் வளர்ந்து, வீட்டுப் பேச்சையும் வீட்டுச் சாப்பாட்டையும் விட்டு மெல்ல விலகிப் போகிறான்.

சுமார் ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. அமெரிக்காவில் விலை 15 டாலர். "இவ்வளவு சின்ன விளையாட்டுக்கு இவ்வளவு விலையா?" என்ற முணுமுணுப்பு அப்போதே எழுந்தது. ஆனால் 2024 மார்ச்சில், தனிச் சிறு குழுக்களின் விளையாட்டுகளுக்காக சான்பிரான்சிஸ்கோவில் நடக்கும் விழாவில் இதற்குத் தலைசிறந்த பரிசு கிடைத்தது. அடுத்த மாதமே லண்டனில், அறிமுக விளையாட்டுக்கான "பாஃப்டா" விருதும் கிடைத்தது.

மணிக் கணக்கு

மணிக் கணக்குப் போட்டால் வெண்பா தோற்றுத்தான் போகும். 60 டாலர் விலையுள்ள பெரிய விளையாட்டு ஒன்று 50 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 1 டாலர் 20 சென்ட் ஆகிறது. வெண்பாவுக்கு மணிக்கு 10 டாலர். எட்டு மடங்கு அதிகம்!

ஆனால் அந்த 50 மணியில் முதுகு எவ்வளவு, வயிறு எவ்வளவு? ஒரே எதிரியை நூறு தடவை சுடுவதும், அதே வழியில் திரும்பத் திரும்ப ஓடுவதும் நேரத்தை நிரப்புமே தவிர, மனத்தை நிரப்பாது.

மணிக் கணக்கால் விளைந்த ஒரு விபரீதமும் உண்டு. "ஸ்டீம்" என்ற கணினி விளையாட்டுக் கடையில், வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பப் பெறலாம். வாங்குகிறவருக்கு இது நல்ல பாதுகாப்பு. ஆனால் 2021-ல் "சம்மர் ஆஃப் 58" என்ற குட்டி விளையாட்டைச் செய்தவர் கதி என்னவாயிற்று? பலர் முழுவதும் ஆடி முடித்து, "நன்றாக இருக்கிறது" என்று எழுதியும் வைத்துவிட்டு, பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இனிக் காலவரையின்றி இத்தொழிலிலிருந்து விலகுகிறேன் என்று அவர் அறிவித்துவிட்டார். பிரியாணியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இலை சின்னது என்று காசைத் திரும்பக் கேட்பது நியாயமா?

இலவசம் என்ற விலை

"நான் காசே கொடுப்பதில்லை, போனில் இலவசமாக ஆடுகிறேன்" என்பவரும் உண்டு. இலவச விளையாட்டு நுழைவுக்குக் காசு கேட்பதில்லை. உள்ளே போனபின் கேட்கிறது. இன்றைக்கு ஒரு சட்டை, நாளைக்கு ஒரு துப்பாக்கி, நாளை மறுநாள் சில வைரங்கள். மாதம் 200 ரூபாய் போனால் ஆண்டுக்கு 2,400 ரூபாய். வெண்பா வெளிவந்த நாளில் 15 டாலரின் மதிப்பு சுமார் 1,230 ரூபாய்தான். குட்டி விளையாட்டு தன் விலையை வாசலிலேயே சொல்லிவிடுகிறது. மற்றது கடைசி வரை சொல்வதில்லை.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் சூதாட்டத்தை இந்தக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. அதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2023-ல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் இயற்றியது. சம்பள நாளன்றே சம்பளத்தை விழுங்கக்கூடிய ஆட்டத்துக்கு என்ன மலிவு, என்ன விலை?

யார் வாங்கலாம்?

அப்படியானால் எல்லாரும் குட்டி விளையாட்டு வாங்க வேண்டுமா? வேண்டியதில்லை. வெண்பா வெளிவந்தபோது கணினிக்கும் விளையாட்டுப் பெட்டிகளுக்கும்தான் வந்தது. இதற்காகக் கடன் வாங்கிக் கணினி வாங்குவது புத்திசாலித்தனமாகாது. வீட்டில் ஏற்கெனவே கணினி இருந்தால் யோசிக்கலாம். தள்ளுபடிக் காலம் வரைக்கும் காத்திருந்தால் இன்னும் நல்லது.

ஷூ கம்பெனியில் கூடுதல் நேரம் உழைத்துச் சம்பாதித்த காசு எண்ணித்தான் செலவாக வேண்டும். ஆனால் எண்ணும்போது, எத்தனை மணி ஓடியது என்பதோடு, முடிந்தபின் அதைப் பற்றி வீட்டில் யாரிடமாவது பேசினோமா என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். அம்மாவை அருகில் உட்காரவைத்து, "இட்லித் தட்டை எப்படி அம்மா அடுக்குவது?" என்று மகன் கேட்டு ஆடினால், அந்த ஒன்றரை மணி நேரத்துக்குக் கொடுத்த காசு வீண் போகவில்லை என்றே கொள்ளலாம்.