ஆவணிக் கடலில் அனுப்பியவர் யார்?

ரஷ்யாவிலிருந்து சமுத்திரங்களைக் கடந்து வந்து தூத்துக்குடியில் பத்திரமாக இறங்கிய இரண்டு நீராவி உற்பத்திக் கலன்கள், கூடங்குளம் அணுமின் நிலையத்துக்குப் போகும் கடைசிச் சிறு பிரயாணத்தில், 2023 செப்டம்பர் 8ஆம் தேதி, கரை கண்ணுக்கெதிரே தெரியும் தூரத்தில் பாறைகளின் நடுவே மிதவையோடு சிக்கிக்கொண்ட கதையை வாசகர்கள் அறிவார்கள். இழுவைக் கப்பலுக்கும் மிதவைக்கும் இடையிலிருந்த கயிறு அறுந்தது என்பதே காரணம் என்றார்கள். ஆடியில் எழுந்த காற்று ஆவணியிலும் அடங்காத கரை அது என்பது இடிந்தகரைச் சிறுவர்களுக்கும் தெரியும். அப்படியிருக்க, ஒவ்வொன்றும் முந்நூறு டன் அளவு எடையுள்ள யந்திரங்களை, தானாக நகரும் சக்தியற்ற மிதவையில் ஏற்றி அந்தக் கடலில் அனுப்பலாம் என்று நிர்ணயித்தவர்களின் விவேகத்தைத்தான் நாம் கேட்கிறோம்.

கனரக யந்திரத்தைக் கப்பலில் கட்டுவது ஒரு சாஸ்திரம். எஃகுத் தளத்தின்மேல் எஃகு நேராக அமர்ந்து நீரும் பட்டுவிட்டால் பிடிமானமே இல்லை என்றுதான் கணக்கிட வேண்டும். அதனாலேயே இடையில் மரக்கட்டைகளைப் பரப்புகிறார்கள். சர்வதேசக் கடல்சார் அமைப்பு 1991இல் ஏற்ற நெறிமுறையின் எளிய விதிப்படி, ஒரு பக்கத்துக் கட்டுகளின் தாங்குதிறன் மட்டுமே சரக்கின் முழு எடைக்கு ஈடாக வேண்டும்; மறுபக்கத்துக்கும் அவ்வாறே. சங்கிலி எந்தப் பளுவில் அறுமோ அதில் பாதியைத்தான் நம்பலாம். திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் கம்பிவடத்தில் நூற்றுக்கு 30 பங்குதான். கண்ணுக்குத் தெரியாத தேய்மானத்துக்கு அஞ்சிய அனுபவஸ்தர்கள் வகுத்த எண்கள் இவை. மிதவை பாறையில் ஏறி அலையில் நாட்கணக்கில் அடிபட்டும் கலன்கள் கடலில் சரியவில்லை என்றால், கட்டியவர்கள் தங்கள் கடமையைச் செவ்வனே செய்தார்கள் என்றே பொருள்.

கட்டு நின்றது, கட்டியவனுக்கு இருந்த ஜாக்கிரதை அனுப்பியவனுக்கு இல்லை. இழுத்துச் செல்லும் பிரயாணத்துக்குக் கயிற்றைவிட முக்கியமானது நாள். காற்றும் அலையும் அடங்கிய அந்த நாளுக்காக வாரக்கணக்கில் காத்திருப்பது உலகெங்கும் மாலுமிகளின் வழக்கம். அந்தப் பொறுமை இல்லாமற்போனதன் பலனாக, மிதவையைக் கடல்வழியே இழுத்து மீட்கும் முயற்சிகள் பொய்த்து, கடைசியில் கரையிலிருந்து கடலுக்குள்ளேயே பாதை போட வேண்டியதாயிற்று.

மேலிடத்தின் அலட்சியம் வெளிப்படுவது இது முதல் தடவையுமன்று. 2019 அக்டோபரில், கூடங்குளத்துக் கணினிகளில் அந்நிய ஊடுருவல் நிகழ்ந்ததென்ற செய்தியைத் திட்டவட்டமாக மறுத்தவர்கள், மறுநாளே நிர்வாகக் கணினியில் அது நிகழ்ந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டார்கள். அச்சங்குளத்தில் இருந்து எழுதும் நமக்கு 2021 பிப்ரவரி 12ஐயும் நினையாதிருக்க முடியவில்லை. இங்குள்ள பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் கருகி மாண்ட அந்நாள் வரை, மருந்தில் உராய்வு கூடாது என்று தொழிலாளிக்கு ஓயாமல் உபதேசம் நடந்தது. உரிமம் ஒருவர் பெயரிலிருக்க, கொட்டகைகள் யார் யார் கையில் இருந்தன என்பதை நேரில் வந்து பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை. இலாகா வேறாகலாம், சர்க்கார் ஒன்றுதான். உபதேசம் எப்போதும் கீழே இருப்பவனுக்கு, அலட்சியம் எப்போதும் மேலே இருப்பவனுக்கு என்ற இந்த ஏற்பாட்டை இன்னும் எத்தனை காலம் பொறுப்பது?

ஒவ்வோர் உலைக்கும் நான்கு கலன்கள் வேண்டும். இன்னும் பல யந்திரங்கள் இதே கரைக்கு வர இருக்கின்றன. கடலறிந்த ஒருவர் "இன்று வேண்டாம்" என்றால் அதற்குமேல் பேச்சில்லை என்னும்படி ஏதேனும் செய்தாக வேண்டும். அதற்கு முன், செப்டம்பரில் அந்த மிதவை புறப்பட அனுமதித்தவர் யார் என்பதை நாட்டுக்குச் சொல்லட்டும்.