மணலும் ஒரு மனையே

நம் பெண்ணாடத்தை அடுத்து ஓடும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையருகே கடலொடு கலக்கின்றது. ஆற்றுமணல் அள்ளப்பட்டால் ஊற்று வற்றும் என்பதைக் கரைவாழ் மக்களாகிய நாம் நன்கறிவோம். எனினும், கடலடி மணலை மட்டும் வெற்றிடம் என்றே எண்ணி வருகின்றோம். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதற்கு விரல் நீளமே உடைய ஒரு சிறுமீன் சான்றாகின்றது.

உளுவை இனத்தைச் சார்ந்த அம்மீன், இந்துமாக்கடல், மேற்குப் பசிபிக் ஆகியவற்றின் வெப்பப் பகுதிகளில், பவளப்பாறையோர மணல்வளையில் வாழ்கின்றது. வளையைத் தோண்டுவதும் சரிந்த மணலை வெளியே தள்ளுவதும் உடன் வாழும் இறாலின் பணி. இறாலுக்கோ கண்பார்வை குறைவு. ஆதலின் வெளிவரும்போதெல்லாம் தன் உணர்கொம்பை மீனின் உடலில் தொடுத்தபடியே வரும். பகை நெருங்கின், வாயிற்காவலாய் நிற்கும் உளுவை வாலை விரைந்தசைக்கும். இறால் உடனே உள்ளே மறையும். இடர் மிகுமாயின் மீனும் வளைக்குள் பாயும். இரவில் இரண்டும் உள்ளேயே தங்கும். இத்தகைய உளுவை வகைகள் நூற்றுக்கும் மேற்பட்டவை.

மன்னார் வளைகுடாவில் 1986ஆம் ஆண்டு கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பெற்றது. அங்கிருந்த 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கின. பவளப்பாறைகளை வெட்டியெடுத்தமை அதற்குப் பெருங்காரணம். பின்னர் 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றன. இதனை நாம் மனமார வரவேற்கின்றோம். ஆயினும், பாறையை மட்டும் காத்து, அதனை அடுத்த மணலை மறப்பது முறையாகுமா?

கடலடியை உரசிச் செல்லும் இழுவைமடி, வளைகளைச் சிதைத்து மணலையும் கலக்கிவிடுகின்றது. கரையை அடுத்த குறிப்பிட்ட எல்லைக்குள் விசைப்படகுகள் மீன்பிடித்தலைத் தமிழ்நாட்டின் 1983ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. அவ்வெல்லை மீறப்படுவதாக நாட்டுப்படகு மீனவர் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். விசைப்படகில் கூலிக்குச் செல்லும் தொழிலாளரைப் பழிப்பது நம் நோக்கமன்று. அவர்தம் அடுப்பும் எரிய வேண்டும். இழுவைமடிப் படகுகளை ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற்றப் பாக் நீரிணைப் பகுதிக்கென 2017இல் தொடங்கிய திட்டம் போன்றவை, கடன்சுமையின்றி அவர்க்குப் பயன்படுதல் வேண்டும். சட்டமும் ஏட்டளவில் நில்லாது கடலில் நடைமுறையாதல் வேண்டும்.

காவல் அற்ற இறாலும் வளை அற்ற உளுவையும் நெடிது வாழா. மணல் குலைந்தால் இரண்டுக்கும் புகலிடம் இல்லை. எனவே பவளத்தைக் காக்க முனைவோர் மணலையும் சேர்த்தே காத்தல் வேண்டும் என்பதே நம் துணிபு.