தடையும் பிழைப்பும்

மெக்ஸிகோ நாட்டின் வடமேற்கே கலிஃபோர்னியா வளைகுடா இருக்கிறது. அதன் தலைப்பகுதியில் மட்டும் வாழும் சிறு கடற்பன்றி ஒன்றுக்கு வாகிட்டா என்று பெயர். ஐந்தடி நீளத்துக்குள் அடங்கிவிடும் பிராணி அது. 1997ஆம் ஆண்டு கணக்கெடுத்தபோது ஏறக்குறைய 570 இருந்தன. 2023இல் நிபுணர்கள் கப்பலேறிப் போய்த் தேடியபோது கிடைத்த கணக்கு 10 முதல் 13 வரைதான். புறநகர் மின்ரயிலில் நாலு பெஞ்சு நிறைய உட்காரும் ஆட்களின் எண்ணிக்கை அது. உலகம் முழுவதற்கும் மிச்சம் அவ்வளவே.

வாகிட்டாவை யாரும் வேட்டையாடுவதில்லை. இறாலுக்காகவும் டொடுவாபா என்னும் பெரிய மீனுக்காகவும் போடப்படும் செவுள் வலையில் அது சிக்கிக்கொள்கிறது. மேலே வந்து மூச்சுவிட முடியாமல் செத்துப்போகிறது. டொடுவாபா நமது கத்தாழை மீனின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் காற்றுப்பைக்குச் சீனாவில் கள்ளச்சந்தையில் கொள்ளை விலை கிடைக்கிறது. மும்பை மீன்துறைகளில் ‘கோல்’ மீனின் காற்றுப்பை என்ன விலைக்குப் போகிறது என்று கேள்விப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

டொடுவாபாவைப் பிடிக்கக் கூடாது என்று மெக்ஸிகோவில் 1975லேயே சட்டம் வந்துவிட்டது. 2015இல் அந்தப் பகுதியில் செவுள் வலைக்கே இரண்டாண்டுத் தடை விதித்தார்கள். 2017இல் அதை நிரந்தரமாக்கினார்கள். பிழைப்பை இழந்தவர்களுக்கு நஷ்டஈடும் அறிவித்தார்கள். ஆனால் பணம் பெரும்பாலும் உரிமச் சீட்டு வைத்திருந்தவர்கள் கைக்கே போயிற்று என்றும், படகில் கூலிக்குப் போனவர்களுக்குச் சில்லறைதான் மிஞ்சியது என்றும் அவ்வூர் மீனவர்கள் குறைப்பட்டார்கள். 2018 முடிவோடு அந்தப் பணமும் நின்றது. கடலில் வேறு வழியில்லை, கரையிலும் வேலையில்லை என்றால் மனிதன் என்ன செய்வான்? இருட்டில் வலை போடுவான். 2022இல் வாகிட்டாக்கள் நடமாடும் இடத்தில் கொக்கி பொருத்திய கான்கிரீட் கட்டைகளைக் கடலில் இறக்கிய பிறகுதான் வலை போடுவது அங்கே பெருமளவு குறைந்தது. இந்த யோசனை இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவருக்கும் தோன்றாமல் போனது துரதிருஷ்டமே.

சீனாவின் யாங்ஸி நதியிலும் காலம் கடந்தே விழித்துக்கொண்டார்கள். அந்த நதிக்கே உரிய பைஜி என்னும் ஓங்கிலைத் தேடி 2006இல் ஆறு வாரம் படகில் அலைந்தவர்களுக்கு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. நீண்ட மூக்குடைய துடுப்புமீன் இனம் அடியோடு அழிந்துவிட்டதாக 2022இல் அறிவிக்கப்பட்டது. இதில் அணைகளுக்கும் கப்பல் போக்குவரத்துக்கும் பெரும் பங்கு உண்டு. பழி முழுவதையும் மீனவர் தலையில் போடுவது நியாயமல்ல. எனினும் 2021 ஜனவரி முதல் தேதியன்று அந்த நதியில் பத்தாண்டுகளுக்கு மீன்பிடிப்பை நிறுத்தியபோது, சீன அரசு இன்னொரு காரியத்தையும் சேர்த்தே செய்தது. தொழிலை விட்ட சுமார் 2 லட்சத்து 30 ஆயிரம் பேருக்குப் படகுக்கும் வலைக்கும் ஈடாகப் பணம், முதியோருக்கு ஓய்வூதியம், மற்றவர்களுக்கு வேறு தொழிலில் பயிற்சி என்று ஏற்பாடாயிற்று. உத்தரவுக்கு மறுபேச்சில்லாத நாடு அது. எல்லோருக்கும் திருப்தி என்று சொல்வதற்கில்லை. ஆயினும் 2017இல் 1,012 ஆக இருந்த யாங்ஸிக் கடற்பன்றிகள் 2022இல் 1,249 ஆயின.

பணம் அதிகம் செலவழிக்காமலேயே பலன் கண்ட நாடும் உண்டு. ஆல்பட்ராஸ் முதலிய கடற்பறவைகள், கப்பலிலிருந்து இறக்கும் ஆயிரங்கால் தூண்டிலின் இரையைக் கவ்வப் போய், முள்ளில் மாட்டித் தண்ணீருக்குள் இழுபட்டுச் சாகின்றன. ஆப்பிரிக்காவில் நமீபியா நாட்டின் ஒரு மீன்பிடித் தொழிலில் மட்டும் 2009இல் இவ்வாறு சுமார் 22,000 பறவைகள் மாண்டன. கப்பலின் பின்புறம் வண்ண நாடாக்கள் தொங்கும் ஒரு கயிறு கட்டினால் பறவை கிட்டே வராது. 2015இல் அதை அந்நாடு கட்டாயமாக்கியது. 2018இல் மாண்டவை சுமார் 215. அந்தக் கயிற்றைத் தயாரிக்கும் வேலை வால்விஸ் பே துறைமுகத்துப் பெண்கள் சிலருக்குக் கிடைத்தது. மீனவனுக்கும் நஷ்டமில்லை; தூண்டிலில் இரை மிச்சம்.

2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கிய செய்தியை இவற்றோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஊர்க் கடிதத்திலோ தொலைபேசியிலோ அதைக் கேட்டு வருந்தாத தமிழர் இங்கே குறைவு. காற்றைச் சுவாசிக்கும் பிராணியான ஆமை, இழுவலைக்குள் வெகுநேரம் அடைபட்டால் மூச்சு முட்டிச் சாகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை போடக் கூடாது என்று விதி இருக்கிறது. வலையில் பொருத்தும் ஆமை விலக்குச் சாதனத்தைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் எப்போதோ செய்து காட்டிவிட்டது. கம்பிச் சட்டத்தின் இடைவெளியில் இறால் உள்ளே போகும். ஆமை மேலே உள்ள வழியாக வெளியேறிவிடும். இதைப் பயன்படுத்தவில்லை என்றுதான் 2019இல் அமெரிக்கா நமது கடல் இறாலை வாங்க மறுத்தது. சாதனம் வைத்தால் மீனும் நழுவுகிறது என்பது மீனவர் வாதம். அதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது.

கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த 61 நாளைக்குத் தமிழக அரசு ஒரு குடும்பத்துக்குத் தரும் நிவாரணம் 8,000 ரூபாய். நாளொன்றுக்கு 131 ரூபாய். ஆமைகள் கரை தேடி வருவதோ ஜனவரி முதல் மார்ச் வரையில். அந்த மாதங்களில் கரையோரம் வலை போடாதே என்ற கட்டளை மட்டும் உண்டு. கைக்கு ஒன்றும் கிடையாது.

ஜனவரி முதல் மார்ச் வரை இழுவலையைக் கரையிலிருந்து தள்ளி வைக்கும் படகுகளுக்கும் ஒரு தொகையை அரசு நிர்ணயிக்க வேண்டும். ஆமை விலக்குச் சாதனத்தை இலவசமாகவே கொடுத்து, முதல் பருவத்தில் நழுவும் மீனுக்கும் ஈடு கட்ட வேண்டும். தொகை படகுச் சொந்தக்காரர் பெயரில் மட்டும் போகாமல், படகில் ஏறும் ஒவ்வொரு தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கும் நேராகப் போக வேண்டும். அதற்கு ஒவ்வொரு துறைமுகத்திலும் ஆட்களின் பெயர்ப் பட்டியலை டிசம்பருக்குள் எழுதி முடித்தாக வேண்டும்.