ஓடுகிற காரா, ஓட வைக்க வேண்டிய காரா?



பழைய பட்டுப் புடவை ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று யாராவது உங்களிடம் யோசனை கேட்டால் ஒரே நிமிஷத்தில் சொல்லிவிடுவீர்கள். விரித்துப் பார், மடிப்பில் இற்றிருக்கிறதா பார், ஜரிகை அசல்தானா பார் என்று அடுக்குவீர்கள். ஆனால் பழைய கார் என்ற பேச்சு எழுந்தால் மட்டும், "அது அவர் சமாசாரம்" என்று எழுந்து போய்விடுகிறோம். போகிற பணம் என்னவோ குடும்பத்துப் பணம்! ஆகையால் இந்த வாரம் அந்தச் சமாசாரத்தைக் கொஞ்சம் பேசுவோம்.

இப்படி வைத்துக்கொள்ளுங்கள். தேனியில் ஒரு குடும்பம். கணவர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறார். மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. சிறு வயதில் மாமாவின் அம்பாஸடர் காரில் குமுளி மலை ஏறிய ஞாபகம் கணவருக்கு இன்னும் போகவில்லை. சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் அந்தப் பழைய ஆசை துளிர்விட்டது. விசாரித்ததில் இரண்டு வண்டிகள் அகப்பட்டன.

ஒன்று கம்பத்தில், ஒரு தோப்பு வீட்டுக் கொட்டகையில் இருக்கிறது. என்ஜின் கீழே ஒரு மூலையில். கதவுகள் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. நட்டும் போல்ட்டும் ஒரு சாக்கில். விலை மிகவும் மலிவு.

மற்றது பெரியகுளத்தில். பெயிண்ட் மங்கிப்போயிருக்கிறது. முன் பம்பரில் ஒரு நெளிசல், பின் சீட்டில் ஒரு கிழிசல். ஆனால் சாவியைத் திருப்பினால் கிளம்புகிறது. விலை முதல் வண்டியைப்போல் மூன்று மடங்கு.

"இங்கே பாரு, கம்பத்து வண்டியை வாங்கிப் போட்டால், மிச்சப் பணத்தில் அதைப் புத்தம் புதுசாக ஆக்கிவிடலாம்" என்கிறார் கணவர்.

"மிச்சப் பணத்திலேயே முடிஞ்சிடும்னு யாருங்க சொன்னாங்க?" என்கிறார் மனைவி.

வழக்கு இந்த இடத்தில் நிற்கிறது. என் கட்சி மனைவியின் கட்சிதான். ஏன் என்று சொல்லுகிறேன்.

முதலில் பணக் கணக்கு. பழைய வண்டியைச் சீர்திருத்துவதில் என்ஜின் வேலை பெரிய செலவு என்று நினைக்கிறோம். மெக்கானிக் ஒருவர் என்ஜினைப் பிரித்து, போர் போட்டு, பிஸ்டன் மாற்றினால் இன்ன தொகை ஆகும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். சொல்ல முடியாதது தகர வேலை. டிங்கரிங் செய்கிறவர் ஒரு துருப்பிடித்த இடத்தை வெட்டி எடுத்தால்தான் அதன் பின்னால் எவ்வளவு துரு இருக்கிறது என்பது தெரியும். அம்பாஸடரில் இது இன்னும் முக்கியம். அந்தக் காருக்கு ஜீப்பைப்போல் அடியில் தனியாக ஒரு சேஸிஸ் சட்டம் கிடையாது. தரைத் தகடும் மேற்கூடும் ஒன்றாகப் பற்றவைத்த ஒரே உடம்பு. தரைத் தகடும் கதவுக்குக் கீழ்ப் பட்டையும் இற்றுப்போனால், வீட்டில் அஸ்திவாரம் இற்றுப்போன மாதிரிதான்.

அதற்குப் பிறகு சில்லறைச் செலவுகள். கதவைச் சுற்றி வரும் ரப்பர், கண்ணாடியைத் தாங்கும் பீடிங், நிக்கல் பூச்சு, ஒயரிங், சீட் தையல், டயர் ஐந்து. ஒவ்வொன்றும் சின்னத் தொகைதான். கல்யாணச் செலவில் பெரிய தொகைகளை முன்கூட்டியே எழுதி வைக்கிறோம், கடைசியில் நம்மைக் கவிழ்ப்பது தாம்பூலப் பையும் வேன் வாடகையும் அல்லவா? அதே கதைதான் இங்கும்.

எனவே ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டகை வண்டியின் விலையோடு பட்டறைக்காரரின் மதிப்பீட்டைக் கூட்டுங்கள். மதிப்பீட்டில் பாதியை அதன்மேல் எதிர்பாராச் செலவாக வையுங்கள். அந்த மொத்தத்தை ஓடுகிற வண்டியின் விலையோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் ஓடுகிற வண்டியே மலிவாக நிற்கும்.

இரண்டாவது, காலம். பட்டறைக்காரர் கெட்டவர் அல்ல. ஆனால் நாளைக்கே சவாரி போக வேண்டிய டாக்ஸி வந்து நின்றால் அதைத்தான் முதலில் கவனிப்பார். உங்கள் கார் ஓரமாகத் தள்ளப்படும். வேப்பிலை விழும். கம்பம் பள்ளத்தாக்கின் ஆடிக் காற்று உங்களுக்குத் தெரியாததா? மூடிய தார்ப்பாயைப் பிய்த்துக்கொண்டு போகும். சாக்கிலிருந்த போல்ட்டுகளில் பாதி வேறு வண்டிகளுக்குப் போய்ச் சேரும். பெயிண்ட் அடிக்காத வெறும் தகட்டில் இரண்டு மழை போதும், புதுத் துரு பிடிக்க. குழந்தைகள் அந்தக் காரில் போக வேண்டும் என்றுதானே வாங்கியது? அவர்கள் வளர்ந்து வெளியூர்ப் படிப்புக்குப் போன பிறகு கார் தயாரானால் யாருக்கு என்ன சந்தோஷம்?

மூன்றாவது, காகிதம். கொட்டகையில் வருஷக்கணக்காகக் கிடக்கும் வண்டியின் ஆர்.சி. புத்தகம் பெரும்பாலும் காலமாகிவிட்ட ஒருவர் பெயரில் இருக்கும். வாரிசுகள் நாலு பேர் நாலு ஊரில் இருப்பார்கள். அவர்கள் பெயருக்கு மாறி, பிறகுதான் உங்கள் பெயருக்கு மாற வேண்டும். சொந்த உபயோகக் காருக்கு 15 ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பது சட்டம். சக்கரம் இல்லாத காரை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டா போவது? ஓடுகிற வண்டிக்காரர் இந்தத் தொல்லையையெல்லாம் பெரும்பாலும் தாமே முடித்து வைத்திருப்பார். அவர் கேட்கும் அதிக விலையில் அந்த அலைச்சலுக்கும் ஒரு பங்கு உண்டு.

நான்காவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அதற்குப் பெயர் அசல்.

பாட்டியின் அட்டிகையை உருக்கிப் புது நெக்லஸ் செய்தால் தங்கத்தின் எடை குறையாமல் இருக்கலாம். ஆனால் பாட்டியின் அட்டிகை போனது போனதுதான். காரும் அப்படியே. தொழிற்சாலையில் பூசிய பெயிண்ட், முதல் சொந்தக்காரர் உட்கார்ந்த சீட், காரோடு பிறந்த என்ஜின், இவை மங்கியிருந்தாலும் அசல். சுரண்டி எடுத்துவிட்டால் திரும்பக் கொண்டுவர எந்தப் பட்டறையாலும் ஆகாது.

இது என் ஒருத்தியின் பிடிவாதம் அல்ல. உலகத்துப் பழங்கார் சங்கங்களின் கூட்டமைப்பு 2013-ம் ஆண்டில் டூரின் சாசனம் என்று ஒன்றை வெளியிட்டது. புராதனக் கோயில்களையும் கட்டடங்களையும் காப்பதற்கு உள்ள நெறிகளைப் பழைய வண்டிகளுக்கும் பொருத்தியது அந்தச் சாசனம். இருப்பதைக் காப்பாற்றுவதே முதல் கடமை, புதுப்பிப்பது அவசியமானால் மட்டும் என்பது அதன் சாரம்.

நம் நாட்டுச் சட்டமும் அதே பக்கம் சாய்ந்திருக்கிறது. 2021-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனிப் பதிவு முறையை ஏற்படுத்தியது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு அது. சேஸிஸ், மேற்கூடு, என்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவில் வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய் என்றும், 10 ஆண்டுக்குப் பிறகு புதுப்பிக்க 5,000 ரூபாய் என்றும் விதித்தார்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இந்தப் பதிவை எடுத்துக்கொண்டால் காரைக் கண்காட்சிக்கும் பழங்கார் ஊர்வலத்துக்கும் பராமரிப்புக்கும்தான் வெளியே எடுக்கலாம். தினசரி மார்க்கெட்டுக்குப் போக முடியாது.

அசலின் அருமை தெரிய வேண்டுமானால் நம் மாவட்டத்து ஜீப்புகளைப் பாருங்கள். விடியற்காலையில் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத் தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறுகின்றனவே, அவைதான். உழைத்த வண்டிகள்! ஒன்றுக்குத் தகடு மாற்றியிருக்கும், ஒன்றுக்கு பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு டீஸல் என்ஜின் பொருத்தியிருக்கும், ஒன்றுக்கு அச்சே வேறு வண்டியினுடையதாக இருக்கும். வயிற்றுப் பிழைப்புக்காகச் செய்த மாற்றங்கள், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இன்றைக்கு யாராவது தாத்தா காலத்து ஜீப் அப்படியே வேண்டும் என்று தேடினால், அகப்படுவது லேசில் இல்லை. அப்படி ஜீப் வாங்குகிறவர்கள் என்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ளபடியே வண்டியில் இருக்கின்றனவா என்று பார்த்தே தீர வேண்டும். என்ஜினை மாற்றிப் புத்தகத்தில் பதியாமல் விட்டிருந்தால் தலைவலி வாங்கியவருக்கு.

"எல்லாம் சரி, ஓடுகிற வண்டி நல்ல வண்டிதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்பீர்கள். மெக்கானிக்கைக் கூட்டிப்போங்கள். ஆனால் நீங்களே செய்யக்கூடிய சோதனைகளும் உண்டு.

வீட்டிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவின் அடிப்பக்கம், சக்கரத்தின் மேல் வளைவு, கதவுக்குக் கீழ்ப் பட்டை இங்கெல்லாம் ஒட்டிப் பாருங்கள். தகடு இருந்தால் பிடிக்கும். பட்டி பூசி மறைத்திருந்தால் பிடிக்காது.

கார் தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். அடியில் ஈரமும் துருவும் இருந்தால் பளபளப்பை நம்ப வேண்டாம்.

போனதும் முதலில் பானெட்டின்மேல் கை வையுங்கள். சுடுகிறதென்றால் நீங்கள் வருவதற்கு முன்பே கிளப்பிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். ஆறிய என்ஜின் ஒழுங்காகக் கிளம்புகிறதா என்பதே கேள்வி. புகை நீலமாக வந்தால் என்ஜின் எண்ணெயைக் குடிக்கிறது. என்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். தண்ணீரில் எண்ணெய் மிதந்தால் வீட்டுக்குத் திரும்புங்கள்.

நம் பக்கத்தில் இன்னொரு பரீட்சையும் இருக்கிறது, மலை. லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கோ, போடியிலிருந்து மெட்டுக்கோ ஏறிப் பார்க்கட்டும். ஏறும்போது சூட்டுமானி எங்கே போகிறது, இறங்கும்போது பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்பது அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் தெரிந்துவிடும். இதற்கு ஒப்பாத சொந்தக்காரரிடம் வாங்க வேண்டாம்.

கார் எந்த ஊரில் வளர்ந்தது என்றும் விசாரியுங்கள். தேனிப் பக்கத்து வறண்ட காற்றில் நின்ற காரைவிட, தூத்துக்குடி, சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் நின்ற கார் சீக்கிரம் துருப்பிடிக்கும். மலைத் தோட்டத்து மழையிலும் சேற்றிலும் கிடந்ததும் அப்படியே.

எந்தக் கார் என்பதும் ஒரு விஷயம். கொல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் 1957-58 முதல் 2014-ம் ஆண்டு மே மாதம் வரை அம்பாஸடர் தயாரானது. அரை நூற்றாண்டுக்கு மேல் வந்த கார் ஆதலால் அதன் உறுப்புகளைத் தேடுவது மற்றவற்றைவிடச் சுலபம். நம் சென்னையிலேயே செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு பார்க்க லட்சணமான கார், ஆனால் ஒரு விளக்குக் கண்ணாடிக்காகக்கூட ஊர் ஊராக விசாரிக்க நேரலாம். வாங்குவதற்கு முன் ஒரு விடுமுறைக்குக் கோயம்புத்தூர் போய்வாருங்கள். ஜி.டி. நாயுடு அறநிலையத்தார் 2015-ம் ஆண்டில் திறந்த ஜீடி கார் மியூசியம் அவிநாசி சாலையில் இருக்கிறது. ஒரு பழைய காரின் அசல் லட்சணம் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகிவிட்டால் பிறகு யாரும் ஏமாற்ற முடியாது.

அப்படியானால் பிரித்துக் கிடக்கும் வண்டியைத் தொடவே கூடாதா? ஒரு சந்தர்ப்பத்தில் தொடலாம். அது உங்கள் மாமனார் ஓட்டிய காராக இருந்து, உங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே இருந்து, காகிதம் குடும்பத்தின் பெயரில் இருந்தால் அந்தக் காரைக் காயலான் கடைக்கு அனுப்ப மனம் வராது. அனுப்பவும் வேண்டாம். அப்போது லாப நஷ்டக் கணக்குப் பார்க்கிறதில்லை, இத்தனை ரூபாய்க்குமேல் போவதில்லை என்று ஒரு வரம்பு மட்டும் கட்டிக்கொள்ள வேண்டும். பிரேக், ஸ்டியரிங், ஒயரிங், என்ஜின் முதலில். பெயிண்ட் கடைசியில். எல்லாவற்றையும் ஒரே நாளில் பிரிக்க விடாதீர்கள். பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு பாகத்தையும் போட்டோ எடுத்து, நட்டு போல்ட்டுகளைக் காலி ஹார்லிக்ஸ் புட்டிகளில் போட்டுப் பெயர் எழுதி ஒட்டுங்கள். மாற்றிய பழைய சாமான்களையும் தூக்கி எறியாமல் ஒரு பெட்டியில் வையுங்கள். நம் அஞ்சறைப் பெட்டி ஒழுங்கு இந்த வேலைக்குத்தான் எவ்வளவு பொருத்தம்!

தேனிக் குடும்பத்துக்கு வருவோம். பெரியகுளத்துக் காரையே வாங்குங்கள் என்பதே என் யோசனை. வாங்கியதும் புதுப் பெயிண்ட் அடிக்கத் துடிப்பார் கணவர். ஒரு வருஷம் பொறுக்கச் சொல்லுங்கள். பிரேக்கையும் டயரையும் ஒயரிங்கையும் சரிபார்த்துக்கொண்டு அப்படியே ஓட்டுங்கள். கிழிந்த இடத்தில் ஒரு தையல் போதும். ஞாயிற்றுக்கிழமை புளியோதரை கட்டிக்கொண்டு குழந்தைகளோடு சுருளிக்குப் போய்வாருங்கள். கம்பத்துக் கொட்டகை வண்டியை அதற்கென்றே நேரமும் பட்டறையும் உள்ள யாராவது எடுத்துக்கொள்ளட்டும்.