தோட்டப் பாடசாலையில் ‘இங்கிலிஷ் மிஸ்’ ஏன் நிலைப்பதில்லை?

ஆங்கிலம் இலங்கையின் இணைப்பு மொழி என்று 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் சொல்கிறது. மாத்தளை மாவட்டத்தில் ரத்தோட்டைக்கு மேலே, கம்மடுவ பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் அந்த இணைப்பு காலை பஸ்ஸை நம்பியிருக்கிறது. பஸ் வந்தால் ‘இங்கிலிஷ் மிஸ்’ வருவார். மழையில் பாதை இடிந்தால் அன்று ஆங்கிலம் இல்லை.

இப்படியான ஆரம்பப் பாடசாலை ஒன்றில் ஆங்கில ஆசிரியை பெரும்பாலும் ஒருவர்தான். முறையான ஆங்கிலப் பாடம் 3ஆம் தரத்தில் தொடங்குகிறது. 1ஆம், 2ஆம் தரப் பிள்ளைகளுக்கு வகுப்பாசிரியரே விளையாட்டு, பாட்டு என்று வாய்மொழி ஆங்கிலம் பழக்க வேண்டும். அந்த வகுப்பாசிரியருக்கே ஆங்கிலம் பேசத் தயக்கமென்றால், பிள்ளை எழுத்துக்கூட அறிமுகமில்லாமல் 3ஆம் தரத்துக்கு வந்து சேரும். பாடநூலோ அதைக் கடந்துவிட்ட பிள்ளையை மனதில் வைத்து எழுதப்பட்டது. பிறகு இன்னொரு ஆசிரியர் லீவு என்றால் மிஸ் அந்த வகுப்பையும் பார்க்க வேண்டும். 5ஆம் தரத்தில் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கினால் ஆங்கிலப் பாடவேளையை மாதிரி வினாத்தாள்கள் விழுங்கிவிடும்.

கற்பிப்பதில் உள்ள சிக்கல்கள் சுவாரசியமானவை. அவற்றைக் கல்வி அதிகாரிகள் போதியளவு பேசுவதில்லை என்பது என் எண்ணம். பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லுக்கு மேலே பென்சிலால் அதன் உச்சரிப்பைத் தமிழில் எழுதிக்கொள்வார்கள். ‘பேக்’ என்று எழுதிவிட்டால் அது பையா, பொதி கட்டுவதா? இரண்டுக்கும் நமக்கு ஒரே ‘ப’தான். இதை வாயால், உதட்டால், திரும்பத் திரும்பச் சொல்லித்தான் பழக்க முடியும். அதற்கு ஒரே ஆள் தொடர்ந்து இரண்டு மூன்று வருடங்கள் அந்த வகுப்போடு இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒருவர் வந்து போனால் பிள்ளை ஒவ்வொரு தடவையும் எழுத்து வரிசையில் இருந்தே தொடங்கும்.

ஆனால் அந்தப் பிள்ளை வெறுங்கையோடு வகுப்புக்கு வருவதில்லை. செக்ரோல், மஸ்டர், டிவிசன், பெக்டரி, டிஸ்பென்சரி, டீமேக்கரையா, கிளாக்கரையா: வீட்டில் தினமும் புழங்கும் சொற்கள். ‘லைன்’ தான் லயமாகியது. துரை பங்களாவின் மொழியைக் கூலிக்கணக்கு வழியாகவே இந்த மக்கள் தலைமுறைகளாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். கெட்டிக்கார ஆசிரியை ஒருவர் இந்தச் சொற்களைக் கரும்பலகையில் எழுதியே முதல் மாதத்தை ஓட்டிவிடலாம். ஆசிரியர் கைந்நூலில் அதற்கு இடம் தேடித்தான் பார்க்க வேண்டும்.

வீட்டில் உதவி கிடைக்குமா என்றால், தாய் காலையில் மஸ்டருக்குப் போனால் பின்னேரம் கொழுந்து நிறுத்த பிறகே திரும்புவார். டவுனில் ரியூசன் இருக்கிறது. அதற்குக் கட்டணத்தோடு பஸ் காசும் வேண்டும். ஆகவே ஆங்கிலம் கிடைப்பது பாடசாலையில் மட்டும், அதுவும் மிஸ் வந்த நாளில் மட்டும்.

மிஸ் ஏன் நிலைப்பதில்லை? மாத்தளை டவுனில் இருந்து தினமும் ஏறி இறங்குவது முதல் காரணம். தங்குவதற்கு ஒழுங்கான விடுதி பல இடங்களில் இல்லை. லயத்தில் வாடகைக்கு அறை கேட்க முடியாது, அங்கே இருப்பவர்களுக்கே இடம் போதாது. கஷ்டப் பிரதேச சேவைக் காலம் முடிந்ததும் இடமாற்றம் கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

அரசு கண்ட தீர்வுகளில் ஒன்று, தோட்டப் பகுதிகளிலேயே உயர்தரம் சித்தியடைந்த இளைஞர்களை ஆசிரியர் உதவியாளர்களாக எடுப்பது. மலையகப் பாடசாலைகளுக்கு 3,179 பேர் என்று அறிவிக்கப்பட்ட திட்டம் அது. உள்ளூர்ப் பிள்ளைகள், போய்விட மாட்டார்கள் என்ற கணக்கு சரியானதே. கொடுப்பனவுதான் மாதம் 6,000 ரூபாவாக இருந்தது, பின்னர் 10,000 ஆனது. பயிற்சி முடித்து நிரந்தரமாகப் பலர் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். நிலைத்து நிற்கக்கூடியவர்களுக்கு நிலைக்க முடியாத சம்பளம்.

தென் கொரியாவைப் பாருங்கள். எங்கள் இளைஞர்கள் கொரிய மொழிப் பரீட்சை எழுதி வேலைக்குப் போகும் அதே நாடு. அங்கே ஆரம்பப் பாடசாலையின் 3ஆம் தரத்தில் ஆங்கிலம் கட்டாயமானது 1997இல்தான். கிராமத்துக்கு ஆசிரியர் போகமாட்டார் என்பதை அந்த நாடு முதலிலேயே ஏற்றுக்கொண்டு கணக்குப் போட்டது. வெளிநாட்டு ஆசிரியர்களை அழைக்கும் திட்டத்தில் வீடு அல்லது வீட்டு வாடகை, கிராமத்தில் வேலை செய்தால் மாதம் மேலதிகமாக 100,000 வொன். 2008இல் கிராமப் பாடசாலைகளுக்கென்றே ஆங்கிலம் பேசும் பல்கலைக்கழக மாணவர்களை வரவழைக்கும் இன்னொரு திட்டம் தொடங்கியது. வெளிநாட்டவர் ஓரிரு வருடத்தில் போய்விடுவார்கள் என்ற குறை அதிலும் உண்டு. ஆனால் பக்கத்தில் ஒரு கொரிய ஆசிரியர் இருப்பதால் வகுப்பு அநாதையாவதில்லை. எங்களிடம் அவ்வளவு பணம் இல்லைதான். விடுதி அறைகள் இரண்டைத் திருத்துவதற்குக் கொரியாவின் பணம் தேவையில்லை.

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருந்து இதை வாசிப்பவர்களுக்கு இது புதிய கதையாக இராது. பஸ்ஸைப் பிடிக்க ஓடும் ஆசிரியர், இடமாற்றப் பட்டியல், வெறுமையான பாடவேளை எல்லாம் வன்னியிலும் உண்டு. வாசிப்பவர்களில் சிலருடைய பெற்றோர் 1977க்கும் 1983க்கும் பிறகு மலையகத்தில் இருந்தே வன்னிக்கு வந்தவர்கள். 2023 யூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கி மாத்தளையில் முடிந்த 200 ஆண்டு நினைவு நடைபயணம் இதே வழியாகத்தான் போனது.

இரண்டு இடத்துக்கும் பொதுவான இன்னொன்றும் இருக்கிறது. இந்தச் சிறிய பாடசாலைகள் மாகாண நிர்வாகத்தின் கீழ் உள்ளவை. மத்திய மாகாண சபைக்கும் வட மாகாண சபைக்கும் கடைசியாக 2013 செப்டெம்பர் 21ஆம் திகதி ஒரே நாளில் தேர்தல் நடந்தது. இரண்டின் காலமும் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு இரண்டையும் ஆளுநர்களே நடத்துகிறார்கள். கம்மடுவையில் ஆங்கில ஆசிரியர் இல்லை என்றால் மாத்தளை வலயக் கல்விப் பணிமனைக்குக் கடிதம் போகும். அங்கிருந்து கண்டிக்குப் போகும். மாகாணத்தில் அதற்குப் பதில் சொல்ல வாக்குக் கேட்டு வந்த ஒருவர் இல்லை. அடுத்த மாகாணத் தேர்தல் மேடையில் ஆங்கிலக் கல்வி பற்றிப் பேசுபவர்களிடம் விடுதி அறையைப் பற்றியும் மாலை பஸ்ஸைப் பற்றியும் கேட்க, முதலில் அந்தத் தேர்தல் நடக்க வேண்டும்.